மிஸ் பங்கஜம் வாசற்படி தாண்டும்வரை

துளசி பிறந்தது தென்னேரியில். வேலை கிடைத்தது காஞ்சிபுரத்தில். மாட்டிக்கொண்டது ஓர் இரும்புப் பெட்டிக்கும் ஒரு புடவை பீரோவுக்கும் நடுவில். அவளுடைய வாழ்க்கை வரலாற்றின் முக்கியச் செய்திகள் இத்துடன் முடிகின்றன. ஆனாலும் பெரிய மனிதர்களின் வரலாற்றில் அவர்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவது மரபு. துளசிக்கு மட்டும் அதைக் குறைப்பானேன்?

நாற்காலி இருந்தது ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைக் கூடத்தில். பத்தொன்பது வருஷத்துக்கு முன், டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழோடு அவள் உதவியாளராகச் சேர்ந்தபோது நாற்காலியைச் சுற்றிக் காற்று இருந்தது. பிறகு இடது பக்கம் இரும்புப் பெட்டி வந்தது. ஒரு தீபாவளித் தள்ளுபடிக்கு முன்னால் வலது பக்கம் பீரோ வந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் முன்பே வந்துவிட்டது. வெளியே போக ஒரே வழி, எதிரே இருந்த கவுண்டரின் மடக்குப் பலகை. அதன்மேல் விற்பனையாளன் சிட்டிபாபு எந்நேரமும் பன்னிரண்டு புடவைகளை விரித்து வைத்திருப்பான். துளசிக்குத் தாகம் எடுத்தால் பன்னிரண்டு புடவைகள் மடிக்கப்பட வேண்டும்.

"இன்னாக்கா, மறுபடியுமா?" என்பான் அவன்.

"காலைலேர்ந்து இதான்டா மொத தடவ."

"சரி, இரு. இந்த அரக்குப் பொடவைய மட்டும் மடிச்சிக்கினு பலகைய தூக்கறேன்."

காலப்போக்கில் துளசி தாகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

இந்தச் சிறைக்கு இரண்டாவது பூட்டை அவளே வாங்கி மாட்டினாள் என்பதை வரலாறு மறைக்கக் கூடாது. போன வருஷம் ஒரு மார்கழி மத்தியானம். மார்கழியில் நல்ல காரியத்துக்குப் புடவை எடுக்க யாரும் வரமாட்டார்கள். வாடிக்கையாளர்களுக்கு டிசைன் காட்டுவதற்காகச் சங்கம் வாங்கிய பெரிய டிவி சும்மா கிடந்தது. துளசி தன் போனிலிருந்து அதில் ஒரு தொடரின் முதல் எபிசோடைப் போட்டாள்.

தொடரின் பெயர் 'பீச் லைன் நாலாம் நம்பர்'. ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒளிபரப்பாகி, ஊர் மறந்துபோன தொடர். கதை நடப்பது 1961இல், சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில். ஹெட் கிளார்க் வரதன் எல்லோருக்கும் சிவப்பு மையில் மெமோ எழுதுவார். ஸ்டெனோ மிஸ் பங்கஜம் ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ராஜினாமாக் கடிதம் ஒன்றை டைப் அடித்து, மூன்றாக மடித்து, மேசை டிராயரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அறுபத்து மூன்றாம் எபிசோடில்தான் அதைக் கொடுத்துவிட்டு வெளியேறுவாள். அறுபத்து நான்கில், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல், கப்பல் மூழ்கும்.

அன்று சங்கத்தின் மேலாளர் மாணிக்கவேல், மாகறலில் நிலபுலன் உள்ள குடும்பத்தவர், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துளசி ஒரு மரியாதைக்காகச் சொன்னாள்: "சார், அந்த ஹெட் கிளார்க் அப்டியே நீங்கதான்."

"அப்ப நீ மிஸ் பங்கஜம்" என்றார் அவரும், பதில் மரியாதையாக.

அவ்வளவுதான். மறுவாரம் மேலாளர் மேசைக்கு ஒரு பித்தளை மணி வந்தது. அதற்கடுத்த வாரம் ரோஸ் கலர் மெமோத் தாள் வந்தது. சிவப்பு மைப் பேனா வந்தது. தினமும் ஒன்றரை மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், ஓர் எபிசோடு, பிறகு விவாதம். தொடரை இரண்டு தடவை முடித்து, மூன்றாவது தடவை தொடங்கியிருந்தார்கள். வாட்ஸப்பில் 'பீச் லைன் குடும்பம்' என்று குரூப். பக்கத்துச் சங்கங்களின் ஊழியர்கள் உள்பட நாற்பத்து மூன்று பேர். கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே கதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

அதிலும் நெசவாளர் ராமலிங்கம் பார்த்தது புடவைகளை மட்டும். வாரம் ஒரு முறை புடவையைக் கொடுக்க வந்துகொண்டிருந்தவர், தொடர் ஆரம்பித்ததிலிருந்து தினமும் வந்தார். யாராவது சேலை கட்டிக்கொண்டு திரையில் வந்தால் போதும்.

"நிறுத்துப்பா! இந்த கரை அறுவத்தொண்ணுல ஏது? ஊர ஏமாத்தறானுங்க."

படம் நிற்கும். இலையில் போட்ட சோறு காயும். ராமலிங்கம் திரைக்கு அரையடி தூரத்தில் நின்று ஜரிகை எண்ணுவார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பேசக்கூடிய ஒரே ஆள் துளசி; அவள் பேசாததற்குப் பழைய காரணம் ஒன்று இருந்தது.

பத்து வருஷத்துக்கு முன், ராமலிங்கத்தின் தறியில் ஏற்றிய, எந்த இழை எழ வேண்டும் என்று ஓட்டைகளால் சொல்லும் டிசைன் அட்டையில், ஓர் ஓட்டை குத்தாமல் விடுபட்டுப்போனது. கரையில் வரிசையாக அன்னப்பட்சி வரவேண்டும், வந்தது. ஆனால் ஏழாவது அன்னத்துக்கு மட்டும் மூக்கில்லை. அதன்பின் ஒவ்வொரு ஏழாவதுக்கும் இல்லை. அப்படிப் பதினொரு புடவை நெய்து, மேலாளர் பார்த்து, செக்கிங் ஆள் பார்த்து, முத்திரையும் விழுந்த பிறகு, கணக்கு எழுதிக்கொண்டிருந்த துளசி தலையைத் தூக்கி, "அண்ணே, இந்த பட்சி இன்னாத்துல தின்னும்?" என்று கேட்டாள். பதினொன்றும் குறைந்த விலையில் யாருக்கோ போய்ச் சேர்ந்தன. துளசியின் பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் அவள் தலை நிமிர்ந்த நாள் அது ஒன்றுதான். ராமலிங்கம் அதற்குப் பிறகு அன்னம் நெய்வதில்லை. துளசியும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை துளசிக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. வாலாஜாபாத் கிளை.

வாலாஜாபாத் என்றால் மற்றவர்களுக்கு ஒரு பஸ் நிறுத்தம். துளசிக்கு அது ஒரு ஜன்னல். ஒரு தடவை ஸ்டாக் சரிபார்க்கப் போனபோது அந்தக் கிளையின் ஒரே மேசையில் அரைநாள் உட்கார்ந்திருந்தாள். மேசையை ஒட்டி ஜன்னல். வெளியே கரும்புச்சாறு வண்டி. ஓர் எருமை வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அன்று அவள் யாரையும் கேட்காமல் நான்கு தடவை தண்ணீர் குடித்தாள். அதன்பின் ஏழு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உத்தரவில் ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், மேலாளர் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் தலைமை அலுவலகத்துக்கு மெயிலில் வரவேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்கு.

மாணிக்கவேல் உத்தரவை இரண்டு தடவை படித்தார். மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னிக்கு எத்தினாவது எபிசோடும்மா?"

"அம்பத்தெட்டு சார்."

"மிஸ் பங்கஜம் எதுல போறாங்க?"

"அறுவத்தி மூணு."

"அறுவத்தி நாலுல இன்னா ஆவுது?"

துளசி தலையைக் குனிந்துகொண்டாள். "கப்பல் மூழ்கிடுது சார்."

"தெரிஞ்சிக்கினே என்னாண்ட கையெழுத்து கேக்குற."

"நம்மகிட்ட ஏது சார் கப்பல்?"

"ஒரு பேச்சுக்கு சொல்றேம்மா." அவர் பித்தளை மணியைத் துண்டால் துடைத்து வைத்தார். "நா ஒண்ணும் ஈரமில்லாதவன் இல்ல. அறுவத்தி மூணு வரட்டும். அந்தம்மா வாசப்படி தாண்டுன நிமிஷம் போட்டுக் குடுத்துடறேன். அதான் மொறை."

துளசி விரல் விட்டு எண்ணினாள். நாளுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டு. சாம்ராஜ்யங்கள் ஒரு யானையால் கவிழ்ந்திருக்கின்றன, ஒரு மழையால் கவிழ்ந்திருக்கின்றன. நாற்பது நிமிஷ எபிசோடு ஒன்று குறைந்ததால் கவிழ இருந்தது துளசியின் ஜன்னல்.

செவ்வாய்க்கிழமை இரண்டு எபிசோடு பார்க்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஒரே நாள்ல ரெண்டா? ஜீரணம் ஆவாது" என்றார் மாணிக்கவேல். புதன்கிழமை, மிஸ் பங்கஜத்தின் அம்மா நீலப்புடவையில் வந்து தொலைத்தாள்; ராமலிங்கம் படத்தை நிறுத்தி, மூன்றரை மணிவரை அந்த நீலத்தை விட்டு நகரவில்லை. வியாழக்கிழமை ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது. பதினான்கு பேரும் புடவையை விட்டுவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கதை புரியவில்லை. "மொதல்லேர்ந்து சொல்லுப்பா" என்றாள். சிட்டிபாபு அறுபது எபிசோடையும் சுருக்கமாகச் சொன்னான். சுருக்கம் இரண்டு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை காலை துளசி ரோஸ் தாள் ஒன்றை எடுத்து, சிவப்பு மையில் எழுதினாள்: 'பொருள்: அறுபத்து மூன்றாம் எபிசோடு, இன்று மாலை நான்கு மணிக்கே காணுதல், அனுமதி வேண்டுதல்.'

மாணிக்கவேலால் எதை வேண்டுமானாலும் மறுக்க முடியும், மெமோவைத் தவிர. ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதினார். எழுதியதன் கீழே இரண்டு கோடும் போட்டார்.

நான்கு பத்துக்குப் படம் தொடங்கியது. விடுவிப்புக் கடிதம் மேலாளர் முன்னால் தயாராக இருந்தது. பேனா மூடி கழற்றப்பட்டிருந்தது. மெயில் எழுதியாகிவிட்டது, கையெழுத்தைப் படமெடுத்து இணைப்பதுதான் பாக்கி. ராமலிங்கம் முந்தாநாள் நீலத்தால் களைத்து, நாற்காலியில் சாய்ந்து, அரைக்கண் மூடியிருந்தார். எல்லாமே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நான்கு நாற்பத்தாறுக்கு மிஸ் பங்கஜம் எழுந்தாள். டிராயரைத் திறந்தாள். கடிதத்தை வரதனின் மேசையில் வைத்தாள். திரும்பி, வாசலை நோக்கி நடந்தாள். இசை எழுந்தது. மாணிக்கவேல் பேனாவைக் கையில் எடுத்தார். கேமரா பின்னாலிருந்து அவளுடைய முந்தானையைக் காட்டியது. கரையில் அன்னங்கள் வரிசையாகப் போயின. துளசி அவற்றை எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம், கண் தானாக எண்ணியது. ஐந்து. ஆறு.

ஏழுக்கு மூக்கில்லை.

துளசி கண்ணை மூடித் திறந்தாள். பதினான்கையும் பார்த்துவிட்டாள். அதற்கும் இல்லை.

மூன்று தடவை பார்த்த தொடர்; முன் இரண்டு தடவையும் இந்தக் கட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் பார்த்த தொடர். ஊரையே ஏமாற்றுகிறான் என்று ராமலிங்கம் எட்டு மாதமாகத் திட்டிய தொடர். அதில் அவர் நெய்த புடவை, நம் சங்கத்துப் புடவை, அவள் கண்டுபிடித்த அன்னம்! வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்னும் நாலே அடி. துளசி உதட்டைக் கடித்தாள். பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலை நினைத்தாள், கரும்புச்சாற்றை நினைத்தாள், எருமையைக்கூட நினைத்தாள். மிஸ் பங்கஜம் வாசற்படிக்கு மேலே ஒரு காலைத் தூக்கினாள்.

"நிறுத்து சிட்டி!"

படம் நின்றது. மிஸ் பங்கஜத்தின் கால் அந்தரத்தில் நின்றது.

"ஏழாவது பட்சிய பாருங்க!" என்றாள் துளசி. குரல் அவளுடையது போலவே இல்லை.

ராமலிங்கம் பார்த்தார். திரையருகே போய்ப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. "அது மடிப்பு. மடிப்புல மறைஞ்சிருக்குது."

"மடிப்பா? பதினாலாவதும் மடிப்பா அண்ணே?"

"ஒலகத்துல நா ஒருத்தன்தான் மூக்கில்லாம நெஞ்சனா? வேற எவனாச்சும் நெஞ்சிருப்பான்மா."

"மெட்ராஸ்காரனுக்கு அத்தினி தெறம ஏது?" என்றான் சிட்டிபாபு.

மாணிக்கவேல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மணியைத் தட்டினார். விஷயம் சங்கத்தின் கௌரவத்தைத் தொட்டுவிட்டது. "ஆதாரம் இல்லாம பேசக்கூடாது. பழைய அட்டை எங்க?"

அது எங்கே என்று தெரிந்த ஒரே ஆளை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. துளசி ஏற்கெனவே தன் மேசைக்கு அடியில் புகுந்திருந்தாள். இரும்புப் பெட்டியின் பின்னால், எட்டாவது கட்டு. அவிழ்த்தாள். நூலில் கோத்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தலையில் ஒட்டடையோடு எழுந்து, ஓர் அட்டையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். வெளிச்சம் வரவேண்டிய ஓரிடத்தில் வரவில்லை.

"இதோ! இங்க குத்தல! பாத்தீங்களா?"

ராமலிங்கம் அட்டையை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு திரையில் நின்றிருந்த மிஸ் பங்கஜத்தைப் பார்த்தார். "கட்டுனா நல்லாத்தான் இருக்குது" என்றார். சிட்டிபாபு கைதட்டினான். மாணிக்கவேல் திரைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்து குரூப்பில் போட்டார். துளசி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று அவள் அப்படிச் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்து நெடுநேரம் ஆகியிருந்தது.

ஐந்து இருபதுக்கு மாணிக்கவேல் கையெழுத்துப் போட்டார், பெருந்தன்மையோடு. "மொறைப்படி அந்தம்மா இன்னும் தாண்டல. இருந்தாலும் போடறேன்." துளசி தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக, அடுத்தவருக்கு உத்தரவு போய்விட்டது மேடம் என்றது. துளசி கடிதத்தை மூன்றாக மடித்தாள். டிராயரைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"வீட்டுக்குப் போவணும், பலகைய தூக்குடா."

"இருக்கா. பன்னெண்டு பொடவ கெடக்குது."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது கிளையின் ஜன்னல் நேரே இருந்திருக்க வேண்டும். ஒருவர் தோளில் வைத்திருந்த வாழைத்தார் மறைத்தது. தென்னேரி வரும்வரை அவள் அந்த முந்தானையையே நினைத்துக்கொண்டு நின்றாள். ஏரிக்கரை திருப்பத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குரூப்பில் எழுதினாள்:

'அந்தப் புடவையோட எதிர்க் கரையையும் பார்க்கணும். திங்கக்கிழமை படத்தை அங்கிருந்து நகர்த்த வேண்டாம்.'