இறங்கச் சொல்லாதவள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளைத் 'துப்பறியும் அக்கா' என்பார்கள். பெரிய டாக்டரின் கோட்டாக இருந்தாலும் பையைத் துழாவாமல் இயந்திரத்தில் போடமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லாமல் சிரித்தால்கூட, என்ன கேட்கப் போகிறாளோ என்று உஷாராகிவிடுவாள். அப்படிப்பட்டவளின் கணவருக்கு ஹிப்னாடிச வைத்தியம் என்றால்?

கணவர் லிப்ட் மெக்கானிக். லிப்ட் கூண்டின் கூரையில் நின்று வேலை பார்க்கையில் அது திடீரென்று ஒரு மாடி சறுக்கியது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் மறுபடி அதில் கால்வைக்க முடியவில்லை. மாத்திரைக்கும் பயம் மசியவில்லை. திங்கட்கிழமை ஏறாவிட்டால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மயக்கிவச்சு வாயைப் பிடுங்குவானுங்க. வீட்டு விஷயமெல்லாம் சந்தி சிரிக்கும்" என்றாள்.

"நம்ம வீட்ல அப்படி என்னடி ரகசியம்?"

"இருக்கோ இல்லையோ, அவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. கணவருக்கோ பிழைக்க வந்த ஊரின் மொழி அரைகுறை. அதனால் ஆஸ்பத்திரியில் அந்த மொழி பேசிப் பழகிய அவளே பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சாய்வு நாற்காலி, திரை இழுத்த ஜன்னல், மேஜையில் டிஷ்யூ பெட்டி. அழவைக்கத் தயாராகத்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"மாடிப்படியில் மெல்ல இறங்குகிறீர்கள். இறங்க இறங்க மனம் லேசாகிறது" என்றார் வைத்தியர்.

அவளுக்குப் பகீரென்றது. சறுக்கிப் பயந்த மனுஷனையா இறங்கச் சொல்வது?

"மெதுவா ஏறுங்க. ஏற ஏற மனசு லேசாகுது" என்று தமிழில் மாற்றிவிட்டாள்.

கணவரின் தோள் தளர்ந்தது. சற்றைக்கெல்லாம் குறட்டை. வைத்தியர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் அவள் கைபேசி அடித்தது.

"கூண்டு மேல நின்னு உச்சி மாடி வரைக்கும் வந்துட்டேன்! துளி பயமில்ல."

"நிஜமாவா? சும்மா சொல்லலையே?"

"ஆனா எறங்க முடியலடி. பட்டன்ல விரல் வச்சாலே வேர்த்துக் கொட்டுது. கீழ சூப்பர்வைசர் நிக்கறாரு."

வைத்தியம் பொய்யென்றால் அவர் ஏறியிருக்க முடியாது. மெய்யென்றால் இந்தக் கோளாறு அவள் செய்தது. இரண்டையும் நம்ப மனம் ஒப்பவில்லை. அதற்காக அவர் வேலை போக விடமுடியுமா?

"மெதுவா எறங்குங்க" என்றாள், குரலைத் தணித்து. "எறங்க எறங்க மனசு லேசாகுது."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "யாருக்குக்கா மந்திரம் ஓதுறீங்க?"

"வாயை மூடுடி. உங்களை இல்லைங்க, நீங்க எறங்குங்க."

மறுமுனையில் கம்பி கிறீச்சிட்டது.

"எறங்குது" என்றார் கணவர்.

தரைத்தளம் வரும்வரை அவள் நிறுத்தவில்லை.