தறிக்குழியில் பிடித்த கொசுக்கள்

கொசுவுக்கு வயது பார்ப்பது என் வேலை. சொன்னால் வீட்டிலேயே சிரிப்பார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளர்ந்து முடிக்கப் பத்து நாளாவது ஆகும். அதனால் இளசு கடித்தால் அரிப்போடு போய்விடும், கிழடு கடித்தால்தான் வம்பு. வயிற்றைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஒருமுறையாவது முட்டையிட்டதா என்று தெரிந்துவிடும். இட்டிருந்தால் கிழடு.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீடு எங்கள் ஆய்வில் இருந்தது. நான் போகும்போதெல்லாம், இளசா கிழடா என்று அந்த வீட்டு அக்கா விடாமல் கேட்பார். அவருடைய மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தறி போட்ட அறையில் மட்டும்தான் மின்விசிறி. அங்கே படுக்கவைக்கலாமா என்றார். கொசு பிடிக்க அங்கே நாங்கள் வைத்திருந்த விளக்குப் பொறியில் விழுந்தவை எல்லாம் முட்டையிடாத இளசுகள். படித்த திமிரில், தாராளமாகப் படுக்கட்டும் என்றேன்.

அடுத்த வாரம் பிடிக்கும் முறையை மாற்றினோம். விடிந்ததும், நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்குள் இறங்கி, சுவரில் ஒட்டிக்கிடப்பவற்றைக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே தறியில் இழுத்துக் கட்டிய பாவு. நிமிர்ந்தால் பட்டு இழை அறுந்துவிடும் என்று அக்கா இரண்டு முறை சொல்லியிருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பிடித்ததில் பெரும்பாலும் கிழடு. விளக்குப் பக்கமே வராமல் குழியிலேயே குடியிருந்திருக்கின்றன. மேலதிகாரியிடம் சொன்னேன். அறிக்கை போகும்வரை வீட்டுக்காரர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். எனக்கோ ஒப்பந்த வேலை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷமும் வேலை. அன்று முழுக்கக் குழியை விட்டு ஏறாதவள் போலவே இருந்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

மறுநாள் காலை போய்ச் சொல்லிவிட்டேன். அக்கா நெய்வதை நிறுத்தினார்.

"நீ சொன்னதாலதானம்மா அங்க படுக்க வச்சேன். நேத்துலருந்து குளுருதுன்னு சொல்லிக்கினு இருக்குறா."

மகளின் விரலைக் குத்தி இரத்தம் எடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் மூன்று முறை தேடினேன். கிருமி இல்லை. இரண்டு நாள் கழித்து எடுத்ததிலும் இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். மகளின் பாயைச் சமையலறைக்கு மாற்றி வலை கட்டியிருந்த அக்கா, புழுக்கத்தில் அவளுக்குக் கையால் விசிறிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

நான் சொன்னது மேலதிகாரிக்கு இன்னும் தெரியாது. ஆய்வும் முடியவில்லை, வாரம் ஒருமுறை அதே குழியில் இறங்குகிறேன். அக்கா இப்போதும் டீ தருகிறார். இளசா கிழடா என்று மட்டும் கேட்பதில்லை.