ஊசிக்கு ஒரு கையெழுத்து

சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் எங்கள் காஜாக்கா. பக்கத்துப் பட்டன் மெஷின் என்னுடையது.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவதில் ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரும்பாடு. "இன்னொண்ணு வந்தா உன் உயிருக்கு நான் பொறுப்பில்ல" என்று சுகாதார நிலைய நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு கருத்தடை ஊசி போட்டுக்கொண்டால் போதுமாம்.

வீட்டில் சொன்னாள். "ஐயையோ, ரத்தம் கெட்டுப்போகும்" என்று மாமியார் அலறினார். ஆட்டோ ஓட்டும் புருஷனோ, "உன் உடம்பு என்னத்துக்கு ஆவுறது?" என்று உருகினான். மூன்று பிரசவத்தின்போதும் அந்த உடம்பு எங்கே போயிருந்ததோ! பிரசவ வார்டு வாசலில் நின்று டீ குடித்ததைத் தவிர அந்த மகாராசன் ஒரு கஷ்டமும் படவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கே ஒரு குமாஸ்தா. கணவர் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாமல் ஊசி கிடையாது என்றார். அப்படி ஒரு சட்டமே இல்லையே என்று நர்ஸ் முணுமுணுத்தார். ஆனால் மருந்து பீரோவின் சாவி குமாஸ்தாவிடம்.

எங்கள் கம்பெனியில் மெஷின் ஊசி உடைந்தால், துண்டுகளைப் பொறுக்கித் தாளில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி தருவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி அவள் வீட்டில் புலம்பாத நாளில்லை. அன்று சாயங்காலம் படிவத்தைப் புருஷனிடம் நீட்டினாள்.

"ஊசிக்குக் கையெழுத்து வேணுமாம்."

"மறுபடியும் உடைச்சுட்டியா? உன் கம்பெனி ஊசிக்கு நான் எதுக்குடி?"

"வீட்டு ஆம்பளை கையெழுத்து இல்லாம தரமாட்டேங்கறாங்க."

அவள் சொன்னதில் பொய் ஒரு சொட்டு இல்லை. 'ஆம்பளை' என்றதிலேயே மனுஷன் குளிர்ந்துபோனான். மூக்குக் கண்ணாடியைத் தேடச் சோம்பல். வால் நீண்ட கையெழுத்தைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் நானும் துணைக்குப் போனேன். குமாஸ்தா கையெழுத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"தங்கமான புருஷன்மா. குடுத்து வச்சவ நீ."

நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். காஜாக்கா என் கையை அமுக்கினாள். குரலை உயர்த்தாமல் அவளே கேட்டாள்.

"மூணு பெத்தேன் சார். ஒரு தடவையாவது என் சம்மதத்த யாராச்சும் கேட்டாங்களா?"

குமாஸ்தா எழுந்துபோய் பீரோவைத் திறந்தார்.