ஓரங்குல இமயமலை

திருநாவுக்கரசு சார் இறந்த செய்தியும் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் திட்டமும் ஒரே தொலைபேசி அழைப்பில் வந்தன. பேசியவர் பழைய மாணவர் சங்கச் செயலாளர். "சார் தவறிட்டாக. பள்ளிக்கூடத்துல அவுக கட்டுன சிமெண்டு இந்தியாவுல இமயமலையை நெஞ்சுயரத்துக்கு எடுத்துக்கட்டி அவுக பேரைப் போடப்போறோம். நீங்கதான் கல்வெட்டுக்கு வாசகம் தரணும்." ஒருவர் இறந்த அன்றே அவரைத் தோற்கடிக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

பள்ளத்தூர்ப் பள்ளியில் அவர் புவியியல், நான் தமிழ். முற்றத்தில் இந்திய நில அமைப்பைச் சிமெண்டில் கட்டும் வேலையை நிர்வாகம் அவரிடம் ஒப்படைத்தது. இப்படிக் கட்டுபவர்கள் எல்லாரும் மலைகளைப் பல மடங்கு கூட்டிக் கட்டுவார்கள். இவர் நீளத்துக்கு வைத்த அளவையே உயரத்துக்கும் வைத்தார். காஷ்மீர் முதல் குமரி வரை முப்பதடி. இமயத்தின் உச்சி ஓரங்குலம். தக்காணப் பீடபூமி ஒரு தோசைக் கனம். கிழக்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்கள் பூச்சு சரியில்லை என்று கொத்தனாரைத் திட்டினார்கள். கொஞ்சம் உயர்த்தக் கூடாதா என்று கெஞ்சினேன். "முடியாது. நீளத்துல நெசத்தைச் சொல்லிட்டு உயரத்துல பொய் சொல்லச் சொல்றீகளா?" என்றார்.

திறப்பு விழாவுக்கு நன்கொடையாளர் தம் மனைவியுடன் சென்னையிலிருந்து வந்தார். ரிப்பனை வெட்டி, நாலடி நடந்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இமயமலை எங்குட்டு இருக்கு?"

"அதுமேலதான் நிக்கிறீக."

அவர் மனைவியான ஆச்சி பதறிப்போனார். "செருப்பைக் கழட்டுங்க! கைலாசத்தை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீக!"

"கைலாசம் திபெத்துல இருக்கு, ஆச்சி. இது இந்தியா மட்டும்தான்."

அன்று அறிவிக்கப்படவிருந்த ஆய்வகம் பிறகு எந்த மேடையிலும் அறிவிக்கப்படவில்லை.

ஐப்பசி மழையில் தேசம் முழுவதும் தண்ணீர் தேங்கியது. தண்ணீர் ஓடும்படி வாட்டம் வைத்துத் திருத்தச் சொல்லி தலைமையாசிரியர் கேட்டார். "கங்கைச் சமவெளியே இப்படித்தான் சார். இம்புட்டுத் தட்டையில தண்ணி கடலுக்குப் போய்ச் சேருறதே பெரிசு" என்று பதில் வந்தது. எங்கள் முற்றத்தில் அது போய்ச் சேரவில்லை. நாங்கள்தான் துடைப்பத்தால் வங்கக் கடலுக்குத் தள்ளினோம்.

அவருடன் வேலை பார்த்த யாருக்கும் இந்த அலுப்பை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள், துடைப்பத்தை எறிந்துவிட்டு, எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். "மலை பெருசுன்னு எல்லாருக்கும் தெரியும். நாடு எம்புட்டு அகலம்னு யாருக்கும் தெரியல. அதைக் காட்டணும்னா மலை அடங்கித்தான் ஆகணும்" என்றார். பதில் சரியாக இருந்ததால் எரிச்சல் கூடியது.

நேற்று செயலாளர் மறுபடி அழைத்தார். சிமெண்ட் வந்து இறங்கிவிட்டதாம். வாசகத்தைச் சொன்னேன்: "இங்கே மலையும் சமவெளியும் ஒரே அளவில்."

அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "அப்ப மலையை ஏத்த முடியாதே சார்?"

"முடியாது."

"கொஞ்சமாவது?"

"முடியாது."

திருநாவுக்கரசு சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு சொல்தான். கேட்பவருக்கு அது எவ்வளவு எரிச்சல் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்பவருக்கு இவ்வளவு சுகம் என்பதை மட்டும் மனிதர் கடைசிவரை சொல்லவில்லை.