குக்கரில் குறைந்த சோறு

மூன்றாம் வகுப்பு படிக்கும்வரை, சாப்பிடாத பெண் என்று சொன்னால் எங்கள் மயிலாப்பூர் தெருவில் என்னைத்தான் காட்டுவார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது; இறங்கினாலும் வயிறு உப்பிக்கொள்ளும். கே.கே. நகரிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வரும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்து அளந்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். "ஒரே ஒரு பொண்ணு. அதுக்குச் சோறு போட்டு வளர்க்கத் தெரியலையே" என்பாள். அம்மா சிந்தாதிரிப்பேட்டைக்காரி. அந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டால் அத்தை அதையும் குறையில் சேர்த்துக்கொள்வாள் என்று வாயே திறக்க மாட்டாள்.

கடைசியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டர் என் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். மயக்க ஊசி போடும்போது என் கால்களை அமுக்கிப் பிடித்தவள் அத்தைதான். கோதுமை எனக்கு ஆகாது, ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார் டாக்டர். அப்பா சிரித்தார்.

"அவ்ளோதானா? நாம சோத்து மூட்டைங்க. நமக்கென்ன கஷ்டம்?"

சப்பாத்தி, பிஸ்கட், ரவை, சேமியா எல்லாம் நின்றன. ஒரு மாதம் போயும் நான் அதே இரண்டு வாய்தான். "பழியைத் தூக்கிக் கோதுமை மேல போட்டுட்டா" என்றாள் அத்தை. அம்மா விடவில்லை. சமையலறை அலமாரியை மொத்தமாகத் தரையில் இறக்கி, ஒவ்வொரு டப்பாவிலும் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். திருடன் பெருங்காய டப்பாவில் இருந்தான். அதில் கோதுமை மாவு கலந்திருந்தது. சாம்பார், ரசம், மோர் என்று தினமும் தன் கையாலேயே எனக்குப் போட்டிருக்கிறாள். டப்பாவைக் குப்பையில் எறிந்துவிட்டு அன்று அழுதாள். அதன்பின் எங்கள் ரசத்தில் பூண்டு வாசனை மட்டும்தான்.

சில வாரங்களில் எனக்கு ஒரு புது வியாதி வந்தது. பள்ளி விட்டு வரும்போது வயிற்றுக்குள் ஏதோ பிறாண்டியது. கை நடுங்கியது. பசி என்று மற்ற பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது இதுதான் என்று எனக்குத் தெரியாது. வெளியே சொன்னால் மறுபடியும் குழாய். செத்தாலும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். சோறு தின்றால் அது அடங்குகிறது என்பதை நானே கண்டுபிடித்தேன். அம்மா மாடியில் துணி எடுக்கப் போகும் நேரம் பார்த்து, குக்கரைத் திறந்து வெறும் சோற்றை அள்ளி விழுங்கினேன்.

ஐந்தாம் நாள் மாட்டிக்கொண்டேன். வாய் நிறையச் சோற்றோடு நின்ற என்னைப் பார்த்தாள் அம்மா. காலி குக்கரைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவளோ போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த சிந்தாதிரிப்பேட்டைப் பேச்செல்லாம் கொட்டியது.

"அண்ணி! குக்கர்ல கீற சோத்தெல்லாம் துன்னுகினு கீறா அண்ணி! இப்பவே வந்து உங்க கண்ணால பாருங்க!"

புகார் போய்விட்டது. கால் பிடிக்க ஆள் வருகிறது.

ஒரு மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா தட்டில் புதுச்சோற்றைக் குவித்து, நெய் ஊற்றி, உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தாள். அத்தை என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெய் மணத்துக்கு வயிறு பிறாண்டிய பிறாண்டலை என்னவென்று சொல்வது! பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டே வாய். தட்டைத் தள்ளிவிட்டேன்.

"போதும். எனக்கு ஒண்ணுமில்ல அத்தே. பசியே இல்ல."

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இதைப் பாக்கத்தான் என்னை இவ்ளோ தூரம் ஓட வெச்சியா?"

அம்மா நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் தட்டை என் பக்கம் இழுத்து, ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தேன். புது வியாதியை மறைத்து, அத்தையிடமிருந்து அம்மாவையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு.