அத்தை ஜெயித்த வண்டி

ஜெயித்த வண்டியைப் பிரித்துப் போடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பந்தயம் என்றால் முதலில் வந்தவருக்குக் கோப்பை, பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அப்படித்தான் நடந்தது. பெரியவர்களின் பந்தயம் வேறு மாதிரி என்று தெரிந்துகொண்ட நாளில், அந்தக் கோப்பை என் மடியில் இருந்தது.

அப்பாவுக்கு முத்தியால்பேட்டையில் கார் பட்டறை. வாடகைக் கார்கள் வரும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் விற்க மனம் வராமல் வைத்திருந்த பழைய கார்களும் வரும். அப்பாவின் தங்கையான என் அத்தை லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற வேலையை மட்டும் பாவாடை கட்டிய வயதிலேயே அண்ணனிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் வண்டியின் கோளாறு தானே வாயைத் திறந்து சொல்லிவிடும் என்பார் அப்பா.

சென்னைக்கு அந்தப் பக்கம் இருந்த பந்தயத் தடத்தில், பெண்களுக்கென்று தனியாக வைத்த போட்டிகளில்தான் அத்தை முதலில் ஓட்டினாள். பரிசு வாங்கினாள், தெருவே கைதட்டியது. பிறகு ஆண்களோடு சேர்ந்து ஓட்டப் போகிறேன் என்றாள். தெரு கொஞ்சம் யோசித்தது. எங்கள் ஊரில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா மட்டும் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி வந்து, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினைத் தரையில் இறக்கினார்.

ஆண்களோடு அத்தை ஓட்டிய மூன்றாவது பந்தயத்துக்குத்தான் அம்மாவும் நானும் முதன்முதலாகப் போனோம். அம்மா பந்தயம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு வேளாங்கண்ணி மாதாவையும் மணக்குள விநாயகரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடவில்லை. கடைசிச் சுற்றின் வளைவில், முன்னால் போன சிவப்பு வண்டி பிரேக் பிடித்தது. அத்தை பிடிக்கவில்லை. பிடித்திருப்பாள், ஆனால் வேறு யாரும் பிடிக்கத் துணியாத அளவுக்குத் தாமதமாக. அவ்வளவுதான். சிவப்பு வண்டி பின்னால் போயிருந்தது.

கோப்பையை வாங்கியதும் அத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். வெயிலில் கிடந்ததால் அது சுட்டது. அப்போதுதான் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து என் முன்னால் குனிந்தார்.

"அத குடும்மா. கொஞ்ச நேரம் எங்ககிட்ட இருக்கட்டும்."

நான் கொடுக்கவில்லை. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக, கோபப்படாமல், விலக்கி எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது.

சிவப்பு வண்டிக்காரர் புகார் கொடுத்திருந்தார். அந்த வேகம் நியாயமான எஞ்சினில் வராது, உள்ளே விதிக்குப் புறம்பாக ஏதோ செய்திருக்கிறார்கள் என்று. புகார் வந்தால் எஞ்சினைத் திறந்து காட்ட வேண்டும். திறக்க வேண்டியவர் அதைப் பூட்டியவர்தான். ஆகவே அப்பாவே, தகரக் கொட்டகையில், அதிகாரிகள் சுற்றி நிற்க, தான் பார்த்துப் பார்த்துப் பூட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"ஏம்மா அத்தை வண்டிய உடைக்கிறாங்க?"

"உடைக்கல. பாக்குறாங்க."

"அந்தச் செவப்பு வண்டிய ஏன் பாக்கல?"

அம்மா என் தலையை அழுத்தி இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

அத்தை தடித்த பந்தய உடையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். வியர்வை கழுத்தில் ஓடியது. முகத்தில் காலையில் இருந்த எதுவும் இல்லை. எஞ்சினின் மேல்மூடியை அப்பா தூக்கி வைத்ததும் அதிகாரிகள் அளவுக் கருவிகளை எடுக்கத் திரும்பினார்கள். அந்த இடைவெளியில் அத்தை குனிந்தாள். அம்மாவின் பிடியிலிருந்து நழுவி நான் அவள் காலடியில் போய் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"அண்ணா... எனக்குத் தெரியாம உள்ள எதுவும் பண்ணிடலயே?"

அப்பாவின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். யாரோ முன்பின் தெரியாதவர் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது போன்ற பார்வை. பிறகு குனிந்து அடுத்த போல்ட்டைக் கழற்றினார்.

அளந்தார்கள், நிறுத்தார்கள், மறுபடி அளந்தார்கள். எல்லாம் விதிப்படி இருந்தது. அட்டைக்காரர் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார். யாரும் கைதட்டவில்லை; கூட்டம் போயிருந்தது. சிவப்பு வண்டிக்காரர் வந்தார். அத்தையைத் தாண்டிப் போய் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சூப்பர் எஞ்சின்ண்ணா. எனக்கும் ஒண்ணு பண்ணித் தாங்க."

அப்பா கையை விடுவித்து, எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட இருக்கற எஞ்சின்தான் தம்பி இதுவும்."

பிரித்த வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடற்கரைச் சாலையில் திரும்பினோம். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய டீக்கடையில் நிறுத்தியபோது, அத்தை ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். அப்பா அவளைக் கவனிக்காதவர்போலக் கடைக்காரரிடம் வேறு ஒன்று கேட்டு வாங்கினார். அத்தை கையில் டீயோடு உப்புக் குவியல்களைப் பார்த்தபடி நின்றாள். ஜெயித்த பிறகும் இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. எஞ்சின் போய்விட்டதே என்ற துக்கமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அத்தை அதன் பிறகு நிறைய ஓட்டினாள். ஒரு டயர் கம்பெனி சம்பளம் கொடுத்து அழைத்தது. கல்லூரி வேலையை விட்டாள். பெயரைச் சொல்லவே நாக்குச் சுளுக்கும் ஊர்களில் ஓட்டினாள். அவளைப் பார்த்து ஓட்ட வந்த பெண்கள் இன்று பலர். நேர்காணல்களில் யாராவது உங்கள் வாழ்க்கையில் மிகக் கடினமான தருணம் எது என்று கேட்டால், ஒரு விபத்தைச் சொல்வாள். தகரக் கொட்டகையைச் சொன்னதே இல்லை. எதிரே நின்ற அத்தனை பேரின் சந்தேகமும் ஒரு நொடி அவளுக்குள்ளேயே புகுந்துவிட்டது என்பதும், தன் கையை நம்ப முடியாமல் அண்ணனின் கையைச் சந்தேகப்பட்டாள் என்பதும் எனக்குப் புரிய நானும் வேலைக்குப் போய், நான் செய்ததை வேறு யாரோ செய்து கொடுத்ததாகச் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது.

அந்தப் பந்தயத்துக்கு மறுநாள் காலை பட்டறையில், பிரித்த பாகங்களைத் தார்ப்பாயில் பரப்பி வைத்துவிட்டு அப்பா அத்தையைக் கூப்பிட்டார். தகரக் கொட்டகைக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"நான் தொட மாட்டேன் பாப்பா. நீயே போடு. உள்ள என்னா இருக்குதுன்னு இனிமே நீ யாரையும் கேக்கக் கூடாது."

அத்தை புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, எது எதற்குப் பிறகு என்று சொல்லிக்கொண்டே வந்தார். தவறாகப் பூட்டினால் கழற்றச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரை அழுத்தும்போதெல்லாம் அத்தையின் கண்ணிலிருந்து நீர் சொட்டி எஞ்சின் மேல் விழுந்தது. அவள் துடைக்கவில்லை, அப்பாவும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம், அப்பா அத்தைக்குத் தண்டனை கொடுக்கிறார், வந்து தடு என்று அழுதேன்.