அப்பா சொன்னா எல்லாப் படமும் சூப்பர்தான்

மேட்னி ஷோ முடிஞ்சதும் தியேட்டர் சைடு கதவைத் திறந்து விடுவாங்க பாருங்க... அந்த வெயில் இருக்கே! அப்படியே மூஞ்சில அடிக்கும்.

அதுவரைக்கும் இருட்டுல உக்காந்து அழுதுட்டு, கண்ணு கூசி ஒண்ணுமே தெரியாம, அப்பா சட்டையைப் புடிச்சிக்கிட்டே வெளிய வருவேன். அந்தச் சட்டையில பஞ்சு வாசனையும் மெஷின் ஆயில் வாசனையும் எப்பவும் இருக்கும். அப்பா மில்லுல வேலை பாத்தாரு.

லீவு நாள்ல எங்க வீடு இருக்கிற சாரத்துலேருந்து சைக்கிள்ல கிளம்புவோம். முன்னால பார்ல நான், பின்னால கேரியர்ல அம்மா. என்னா படம், யாரு டைரக்டர், ஒண்ணும் தெரியாது. எங்க டிக்கெட் கிடைக்குதோ அதான் எங்க படம்.

நாங்க வெளிய வர்ற சந்துலதான் அடுத்த ஷோவுக்கு கியூ நிக்கும். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருத்தர் லத்திய ஆட்டிக்கிட்டு லைனை நேராக்கிட்டு இருப்பாரு. கியூல நிக்கிறவங்க எங்களை சும்மா விட மாட்டாங்க.

"என்னாண்ணே, படம் எப்டி?"

அப்பல்லாம் ரிவ்யூன்னா அதான்... வேற எதுவும் கிடையாது.

அப்பா ஒரு நாளும் யோசிச்சதில்ல. "சூப்பர்! தாராளமா பாக்கலாம். போய்ப் பாருங்க!"

எல்லாப் படத்துக்கும் இதே பதில்தான். இண்டர்வெல்லுக்கு அப்புறம் அவரே குறட்டை விட்ட படத்துக்கும் இதேதான்.

அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பின்னாலேருந்து அம்மா குரல் வரும். "அவரு சொல்றத நம்பாதீங்க. ஒரே தலவலி. ஹீரோயினுக்கு எதுக்கு கண்ணு தெரியாம போச்சின்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

கியூவே சிரிக்கும். போலீஸ்காரரும் திரும்பிக்கிட்டு சிரிப்பாரு.

அப்புறம் வீடு வர்ற வரைக்கும் சைக்கிள்ல சண்டை.

"புள்ளகுட்டியோட ஆசையா வந்து நிக்கிறாங்கடி. மூஞ்சியப் பாத்தா நல்லால்லன்னு சொல்ல வாய் வரல."

"அதுக்குன்னு பொய் சொல்லுவீங்களா?"

"உண்மையதான் நீ சொல்லிட்டியே. அப்புறம் என்னா?"

ஒரு தீபாவளிக்கு இதுல பெரிய வம்பே வந்துச்சு. அப்பாகூட வேலை பாத்த ஒருத்தர், மில்லுலயே அவர்கிட்ட ரிவ்யூ கேட்டுட்டு, தலைதீபாவளிக்கு வந்த அரியாங்குப்பத்து மாப்பிள்ளைய படத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. படத்துல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் செத்துக்கிட்டே இருந்தாங்களாம்! நல்ல நாள் அதுவுமா பொண்ணு வீட்டுக்காரங்க மூஞ்சியெல்லாம் எப்படி இருந்திருக்கும்... லீவு முடிஞ்சி வேலைக்குப் போன அன்னிக்கு மில் வாசல்லயே அப்பாவை மறிச்சிட்டாரு. "உங்ககிட்ட தனியா கேட்டது என் தப்புண்ணே. அண்ணி பக்கத்துல இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன்."

அப்பா இப்ப இல்ல.

அவர் போனதுக்கு அப்புறம் அம்மா தியேட்டர் பக்கமே வரல. எப்பக் கூப்பிட்டாலும் "டிவில போட்டா பாத்துக்கறேன்"தான். ஆனா டிவில போட்டாலும் பாக்கறதில்ல. சண்டை போட ஆள் இல்லாத வீட்டுல அம்மா ரொம்ப அமைதியாயிட்டாங்க. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கல. எப்படியாவது பழைய அம்மாவைப் பாத்துடணும்னு கிடந்து தவிச்சேன்.

போன மாசம் அவங்களே படத்துக்குப் போலாமான்னு கேட்டாங்க. அப்பாவுக்குப் பிடிச்ச ஹீரோவோட புதுப் படம்.

நான் என்ன பண்ணேன்? உடனே ஃபோனை எடுத்து ரிவ்யூ பாத்தேன். கிழிச்சித் தொங்க விட்டிருந்தாங்க.

"வேணாம்மா. படம் நல்லால்லயாம்."

"யாரு சொன்னா?"

"யூட்யூப்ல ஒருத்தர்."

"அவரு பக்கத்துல யாராச்சும் உக்காந்து, 'இல்ல, நல்லாருக்கு'ன்னு சொல்றாங்களா?"

டிக்கெட் போட்டேன்.

விமர்சனம் பண்றவங்களைக் குத்தம் சொல்லலைங்க. அவங்க சொன்னது பாதிக்கு மேல கரெக்ட்தான். ஆனா படம் ஓடும்போது நான் படத்தைப் பாக்கல. அந்த யூட்யூப்காரர் இழுவைன்னு சொன்ன இடம் எங்க வருதுன்னு காத்துக்கிட்டிருந்தேன். வந்ததும் "ஆமா, வந்துடுச்சு"ன்னு ஒரு திருப்தி வேற! இந்தப் பொழப்பு எதுக்குன்னு எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

படம் முடிஞ்சது. மால் தியேட்டர்... வெளிய வந்தாலும் ஏசிதான், வெயிலே இல்ல. எல்லாரும் எஸ்கலேட்டர் பக்கம் போறாங்க. அம்மா மட்டும் கதவுகிட்ட நின்னுட்டாங்க. கால் வலிக்குதோன்னு நெனச்சேன்.

இல்ல. அடுத்த ஷோவுக்கு நிக்கிற கூட்டத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. யாராவது கேப்பாங்கன்னு.

யாரு கேக்கப் போறா? எல்லாரும் குனிஞ்சி ஃபோனைப் பாத்துக்கிட்டிருக்காங்க. உள்ள போறதுக்கு முன்னாடியே படம் எப்படின்னு அவங்களுக்குத் தெரியும்.

மெதுவா அந்தக் கூட்டத்துல போய் நின்னுக்கிட்டு, திரும்பி சத்தமாவே கேட்டேன்.

"என்னாம்மா, படம் எப்டி?"

அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு. ஆனா குரல் கணீர்னு வந்துச்சு.

"சூப்பர்! தாராளமா பாக்கலாம். போய்ப் பாருங்க!"

ஃபோன்லேருந்து சில பேர் தலையைத் தூக்கிப் பாத்தாங்க. குழந்தையோட நின்ன ஒரு பொண்ணு, "அப்பாடா"ன்னு சிரிச்சிது.

ஆட்டோல ஏறி உக்காந்ததும் அம்மா முந்தானையால மூஞ்சைத் துடைச்சிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. "படமாடி இது? ஒரே தலவலி."

"அப்புறம் ஏம்மா சூப்பர்னு சொன்ன?"

"அவரு சொல்றத யாராச்சும் சொல்லணும்ல."

அப்பல்லாம் ஒரு படத்துக்கு எங்ககிட்ட ரெண்டே ரிவ்யூ. ரெண்டும் ஒரே சைக்கிள்ல வீட்டுக்கு வரும். இப்ப ஃபோனைத் திறந்தா ஆயிரம் ரிவ்யூ... ஒண்ணுகூட நம்மகூட வீட்டுக்கு வர்றதில்ல.

சாரம் வர்றப்போ அம்மா திடீர்னு என் பக்கம் திரும்பினாங்க. குரல்ல பழைய கோவம்.

"ஏண்டி, நான் சூப்பர்னு சொல்லும்போது நீ மரம் மாரி நிக்கிற? நம்பாதீங்கன்னு சொல்ல வேணாமா?"

வர்ற ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு டிக்கெட் போட்டிருக்கேன். என் டயலாக் ரெடி.